சாயம் இல்லாத கிண்ணம்

ஆய்வகத் தலைவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று. முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘மறுபடி சார்’. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “மறுபடி செய்ங்க” என்பார். அப்படிப்பட்ட மனிதரே திங்கட்கிழமை காலையில், “போதும்மா, இதோட விட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இலை ஆராய்ச்சியை இழுத்து மூடுவதாக முடிவு.

இலைக்காரி என்று எல்லாரும் கிண்டலடிக்கும் அவளுக்கு அது நான்கு வருட உழைப்பு. வேலியோரத்துச் செடி ஒன்றின் இலையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து வைத்திருந்தாள். பெண் உடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல அதுவும் வேலை செய்யும், கருப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்தும், வந்து சேரும் கரு நழுவாமல் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிண்ணத்தின் அடியில் உட்சுவர் செல்களைப் பாய் விரித்தது போல வளர்க்க வேண்டும். கருவுக்குப் பதிலாக ஊசிமுனை அளவுள்ள செல் உருண்டைகள் இருபதை அதன்மேல் விட வேண்டும். மறுநாள் அலசிவிட்டு, போகாமல் எத்தனை நிற்கின்றன என்று எண்ண வேண்டும். சத்து போட்ட கிண்ணத்தில் பதினாறு, பதினேழு நின்றன. போடாத கிண்ணத்திலும் அதே பதினாறு, பதினேழு! மாதக்கணக்கில் இதே கூத்து.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். அக்கா சாயப் பட்டறை நடத்துகிறவள். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கருவை உள்ளே வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் டாக்டரிடம் போனில், “ஒட்டுச்சா?” என்று கேட்டாள், இரண்டு முறையும் இல்லை என்றே பதில் வந்தது. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தங்கையின் இலையைப் பற்றி மட்டும் நாள் தவறாமல் விசாரிப்பாள்.

கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தவள் கேட்டாள்: “என்னடி இது, எல்லாக் கிண்ணத்துலயும் ரோஸ் கலரு?”

“செல்லுக்கு ஊத்தற ஊட்ட நீருக்கா. புளிச்சுப்போனா மஞ்சளாயிடும், பாத்தாலே தெரிஞ்சுடும். அதுக்காகவே சாயம் கலந்து விக்கிறாங்க.”

“சாயம் சும்மா கிடக்குமா?” அக்கா தன் நீல நகங்களை நீட்டினாள். “பாரு, எத்தன தடவ தேய்ச்சாலும் போகல. போற இடத்துல எல்லாம் ஒரு வேலை பாத்துட்டுத்தான் அது அடங்கும். உன் செல்ல மட்டும் விட்டு வெச்சிடுமா?”

போக்கா என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சாயமே லேசாக ஹார்மோன் வேலை பார்க்கும் என்று படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்! வாங்கியதோடு மறந்தும் விட்டாள். வெறும் கிண்ணம் என்று அவள் நம்பியது எதுவுமே வெறும் கிண்ணம் இல்லை. அதில் சாயம் உட்கார்ந்து உட்சுவரைப் பக்குவப்படுத்திக்கொண்டிருந்தது. அவள் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். சாப்பாடு ஆறிப்போயிற்று.

சாயம் கலக்காத ஊட்ட நீர் இரண்டு புட்டி, குளிர்பெட்டியின் மூலையில் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. அன்றைக்கே செல்களை அதற்கு மாற்றினாள். புதன்கிழமை மூன்று கிண்ணங்களில் சத்தைப் போட்டாள், மூன்றை விட்டுவிட்டாள். வியாழக்கிழமை உருண்டைகளை விட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பிய மறுபடி சாரை வழிமறித்தாள். “சார், நான் எண்ணினா எனக்குச் சாதகமா எண்ணிடுவேன். நீங்களே எண்ணுங்க.” எது எந்தக் கிண்ணம் என்று தெரியாதபடி ஆறின் மேலும் காகிதம் ஒட்டியிருந்தாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே நுண்ணோக்கியில் குனிந்தார். “அஞ்சு.” அவள் எழுதினாள். “பதினேழு.” எழுதினாள். “ஆறு. பதினாறு. நாலு.” கடைசிக் கிண்ணத்தில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். “பதினெட்டு.”

நிமிர்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மறுபடி” என்றார்.

மறுபடி எண்ணினார். ஒன்றுகூட மாறவில்லை. காகிதங்களைத் தன் கையாலேயே உரித்தார். பதினேழு, பதினாறு, பதினெட்டு, மூன்றும் இலைச் சத்து போட்டவை.

“மூடறதப் பத்தி இன்னைக்குப் பேச்சே இல்ல” என்றார் அவர். “நீங்களும் வாங்க. வந்து நீங்களே சொல்லுங்க.”

அவள் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் அக்காவை அழைத்தாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை அக்கா.

“ஒட்டுச்சா?”

“ஒட்டுச்சுக்கா! அலசியும் போகல!”

பட்டறை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் தாழ்ந்தது. “அப்ப நான் அந்த இலைய...”

“வாயில வெச்ச, கைய ஒடிப்பேன். இது கிண்ணத்துல ஜெயிச்சது. உடம்புக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்.”

“தெரியும்டி, அதட்டாத.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, இரைச்சலையும் மீறி, “அந்த மெஷின நிறுத்துங்கடி! என் தங்கச்சி ஜெயிச்சுட்டா!” என்று கத்தினாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாலைந்து பெண்கள் கைதட்டுவது கேட்டது.

“இப்ப சொல்லு” என்றாள் அக்கா. “எல்லாரும் கேக்கட்டும். மறுபடி சொல்லு.”

“ஒட்டுச்சுக்கா.”