பன்னிரண்டு நாள் தண்ணீர்

மணல்மேடுகளின் ஓரத்திலிருந்த அந்த ஊரில் இப்போது இரண்டு வீடுகளில்தான் அடுப்பெரிந்தது. ஒன்று சூஹேயுடையது, மற்றது மெங்குடையது. இருவருமே துணையை இழந்தவர்கள். மற்றவர்கள் கிணறு உப்பான வருடமே கிளம்பிவிட்டார்கள்.

லான்ஜோ நகரத்திலிருக்கும் மகளுக்குச் சூஹே வாக்குக் கொடுத்திருந்தாள். மணலைப் பிடித்து நிறுத்த வசந்தத்தில் விதைத்த ஹுவாபாங் புதர்கள் கோடைக்காற்றைத் தாங்கி நின்றால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்விடுவாள். இது மெங்குக்கும் தெரியும்.

பேத்தி பிறந்த நூறாம் நாள் விருந்துக்கு அவள் கிளம்பியபோது, "ஆடு நுழையாம பாத்துக்குங்க அண்ணே, அது போதும்" என்றாள்.

மெங்குக்கு அது போதவில்லை. முப்பது வருடம் முலாம்பழம் பயிரிட்டவர். மத்தியான வெயிலில் இலைகள் சுருண்டுகொண்டன. செடி வாடினால் அவள் போய்விடுவாள். சாயங்காலம் கழியின் இரு முனைகளிலும் வாளிகளை மாட்டி, தொலைவிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார். பன்னிரண்டு நாளும் எட்டெட்டு நடை. தோள் கன்றிப்போனது. செடிகளோ தளதளவென்று எழுந்து நின்றன. அவள் வரும் நாளில் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

சூஹே பாத்தியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குனிந்து ஒரு செடியைத் தொட்டாள். இழுக்காமலே கையோடு வந்தது. வேர் விரல் நீளம்கூட இல்லை.

"எத்தனை நாளா ஊத்துனீங்க?"

"நீ போன மறுநாள்லருந்து."

"முலாம்பழமா இது, கொழுகொழுன்னு வளக்க? முளைச்சப்புறம் தாகத்துல விடணும் அண்ணே. அப்பதான் வேரு தண்ணியத் தேடிக் கீழ போகும். மேலயே கெடைச்சா கீழ போக அதுக்கென்ன தலையெழுத்தா?"

"சுருண்டுச்சே..."

"சுருளட்டும்னுதான் விட்டுட்டுப் போனேன்."

அவள் வந்த நான்காம் நாள் மணல்காற்று அடித்தது. ஓய்ந்தபோது மேட்டு மூலையில் ஏழு செடிகள் மட்டும் நின்றிருந்தன. அந்த மேட்டுக்கு மெங்கின் தண்ணீர் ஏறியிருக்கவில்லை.

"ஏழு இருக்கே" என்றார்.

"ஏழு செடியைக் காட்டிப் பொண்ணை ஏமாத்தச் சொல்றீங்களா?" அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இருந்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "லான்ஜோ வண்டி ஆறு மணிக்கு" என்று வந்தது.

வண்டி ஏறும்போது சூஹே திரும்பினாள். "அந்த ஏழு செடியையும் பாத்துக்குங்க."

"எப்பப் பூக்கும்?"

"மூணு வருஷமாவது ஆகும். பூத்தா போன் பண்ணுங்க, வந்து பாக்குறேன்." பிறகுதான் கொஞ்சம் சிரித்தாள். "தயவு பண்ணித் தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

மறுநாள் மத்தியானம் ஏழு செடிகளும் இலை சுருண்டு நின்றன. மெங் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.