நீல அட்டை

தம்பி மறுபடியும் எழுந்தான்.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்க்கா."

"இப்பத்தானே குடிச்சே. உக்காரு."

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் முழங்கால் ஆடத் தொடங்கியது. அக்காவுக்குப் பழகிய ஆட்டம்தான். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க அவள் காலடியில் தையல் மெஷின் அப்படித்தான் அதிரும். ஆனால் மெஷினை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி ஆழ லிஃப்ட் குழியானாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு விசிலடித்தபடி இறங்குகிறவன். கோடையிலிருந்து என்னவோ ஆகிவிட்டது. குழியின் அருகே போனாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. முதுகு வலி என்று லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தான். தூக்கம் போயிற்று. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் ஒருத்தன் இல்லன்னா உனக்குப் பாதி பாரம் குறையும்க்கா" என்றான். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். அதுதான் அவளை உலுக்கிவிட்டது. நெஞ்சு படபடப்பைக் காட்டலாம் என்று சாக்குச் சொல்லி இந்த அரசு மருத்துவமனைக்கு இழுத்து வந்தாள். நெஞ்சில் குறை எதுவும் இல்லை என்ற டாக்டர், "மனசுக்கும் இங்கேயே பாக்கறாங்கம்மா, புதன்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். இன்று புதன்கிழமை.

முன்பு இதற்கென்று ஊரின் மறுகோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். உயர்ந்த மதில், பெரிய கேட். அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே ஜனங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இப்போது புது உத்தரவுப்படி சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்கிற அதே வராந்தாவில் மனநல டாக்டரும் உட்கார்கிறார். நல்ல உத்தரவு. அதோடு அட்டைகளும் வந்தன. மற்ற நோய்க்கு வெள்ளை, மனசுக்கு நீலம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக யாரோ நல்ல மனதோடு யோசித்துச் செய்த ஏற்பாடு. அதிலிருந்து தெருவில் ஒரு புது வசவு பிறந்துவிட்டது: "போடா நீல அட்டை."

தம்பி அட்டையை உள்ளங்கைக்குள் மடித்து வைத்திருந்தான்.

"வசதியானவங்களுக்கு அட்டையெல்லாம் கிடையாதுக்கா" என்றான் மெல்ல. "அந்தக் கண்ணாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க ஏழாவது மாடியில மனசு டாக்டர்தான். அந்த லிஃப்டை நான்தான் பாத்துக்கிட்டேன். காரைக் கீழ நிறுத்திட்டு நேரா மேல ஏறிடுவாங்க. ஒரு ஈ காக்கா பாக்காது."

"நமக்குக் கார் இல்ல, கால் இருக்கு. அதை ஆட்டாம வை."

அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக அவள் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, வாசலில் மீசை தெரிந்தது. தம்பியின் மேஸ்திரி. மாதாமாதம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறவர். வெள்ளை அட்டையால் விசிறிக்கொண்டே நேராக இவர்களிடம் வந்தார்.

"அடடே, முதுகு வலிக்காரரா? எப்படிடா இருக்கே?"

"பரவாயில்லண்ணே."

அவர் கண் அவன் கைக்குப் போயிற்று. விரல் இடுக்கில் நீலம் தெரிந்தது.

"முதுகுக்கு எதுக்குடா நீலம்? மாடி மாடியா ஏறி மேல்மாடி காலியாயிடுச்சா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம்பி அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தான். இந்தத் தடவை எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

அக்கா அட்டை கொடுக்கும் சிஸ்டரின் மேஜைக்கு விரைந்தாள். "சிஸ்டர், அவன் போயிட்டான். இன்னிக்கு விட்டா திரும்ப வரமாட்டான். வீட்டுல என்ன பேசினான் தெரியுமா…"

சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மேலிடத்திலிருந்து வந்த நீல அட்டைக் கட்டு கரையாமல் மேஜையில் கிடந்தது. வாங்கியவர்களிலும் பாதிப் பேர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். பயிற்சிக் கூட்டத்தில் இந்த நிறத் திட்டத்தைச் சொன்னபோது முதலில் கைதட்டியவர் இதே சிஸ்டர்தான்.

"நீ போய் அவனைப் புடிச்சு வை" என்றார். பிறகு எழுந்து நின்றார். "எல்லாரும் வெள்ளை அட்டையைத் திருப்பிக் குடுங்க. இன்னிக்கு எல்லாருக்கும் நீலம்தான். முதல்ல மனசு டாக்டர் ரூம், அப்புறம் உங்க வழக்கமான ரூம்."

"நான் சுகருக்கு வந்தவன் சிஸ்டர்" என்றார் மீசை.

"சுகர்காரங்களுக்கு மனசு கிடையாதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு? புடிங்க."

"எனக்குக் குடுங்க சிஸ்டர், நான் தூங்கியே மாசக்கணக்காச்சு" என்று ஒரு கர்ப்பிணிப் பெண் முதலில் கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் நீண்டன. சத்தம் கேட்டு மனநல டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர்?"

"வெள்ளை தீந்துபோச்சு டாக்டர்."

வெள்ளைக் கட்டு சிஸ்டரின் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. அந்தப் பொய்யைக் கடவுள் எந்தக் கணக்கில் எழுதினாரோ, பாவக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

தம்பி கேட்டுக்கு வெளியேயும் போகாமல் உள்ளேயும் வராமல் சைக்கிள் ஸ்டாண்டு அருகே நின்றான். அக்கா கூப்பிட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அவள் அவன் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மீசை வேகவேகமாக வந்தார். கையில் இரண்டு நீல அட்டைகள்.

"டேய், உன் அட்டையைப் போட்டுட்டு வந்துட்டே. உனக்கு அடுத்த நம்பர் எனக்காம். நீ உள்ள போகாம என்னைக் கூப்பிட மாட்டேங்குது அந்த அம்மா." ஒன்றை நீட்டினார். "எனக்கு வாய் நீளம்டா. விட்டுத் தள்ளு. வா."

தம்பி இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன்னுடையதை வாங்கிக்கொண்டான்.

அவன் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. நேரம் ஓடியது. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்த மீசையின் கால் இப்போது ஆடத் தொடங்கியிருந்தது.

"உள்ள என்னம்மா கேப்பாங்க?"

"நல்லாத் தூங்கறீங்களான்னு கேப்பாங்களாம்ணே."

அவர் மீசையைத் தடவினார். "கோடையில ஒரு ஆள் குழிக்குள்ள விழுந்தான். உன் தம்பி சொல்லியிருப்பானே."

அவன் சொல்லவில்லை. ஆனாலும் தெரியும் என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

"உன் தம்பி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். கயித்தைப் புடிச்சிருந்தது நான்." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத் தூங்கறேன்னு பொய் சொல்லிட்டு வந்துடலாமா?"

"சொல்லலாம்ணே. அவங்களும் எழுதிக்குவாங்க. தூக்கம்தான் வராது."

உத்தரவு கதவைத் திறந்து வைக்கும். உள்ளே கூட்டிப்போக ஒரு கை வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி, ஆள் ஏறும்வரை லிஃப்டைப் பிடித்து வைப்பதைப் போல, கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாங்கண்ணே" என்றான்.