மென்னு காட்டு, தம்பி

என் கொழுந்தன் கோமதேஷை நான் பழிவாங்கிய கதை இது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வாசுபூஜ்யன் செஞ்சி பஜாரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருக்கிறார். போன வருஷம் நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நாங்கள் ஜைனர்கள், ஊரில் நயினார் என்பார்கள். இவர் பொழுது சாய்ந்தபின் சோற்றைத் தொடமாட்டார். தேனைக்கூட விலக்கியவர். ஒருமுறை ஓட்டல் சாம்பாரில் எறும்பு மிதந்ததற்கே நாள்கணக்கில் வெறும் தண்ணீரோடு கிடந்தார்.

அந்த மனிதருக்குத்தான் சொந்தத் தம்பி ஒமேகா மாத்திரை கொண்டுவந்தான். பொன்னிறத்தில், உள்ளே எண்ணெய் தெரியும் மாத்திரை. ஏதோ கம்பெனியில் சேர்ந்து வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தான்.

"ஆளி விதை எண்ணெய்ண்ணா. கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும். டாக்டர் குடுத்த கொழுப்பு மாத்திரய நிறுத்திட்டு, இத வேளைக்கு ரெண்டு போடு" என்றான்.

டப்பாவில் அவன் படமும் போன் நம்பரும் போட்ட பெரிய ஸ்டிக்கர். பிஸ்கட் வாங்கினால்கூடப் பச்சைப் புள்ளி தேடுகிற நாங்கள் இதில் தேடவில்லை. நம் வீட்டுப் பிள்ளை கொடுத்தது ஆயிற்றே!

அதைப் போட்டதிலிருந்து அவருக்கு ஒரு கெட்ட வாடையோடு ஏப்பம் வந்தது. எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எவருக்கும் அந்த வாடை இன்னதென்று தெரியாது.

ஒரு நாள் காலையில் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு தாஹிரா ஓடிவந்து மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் நின்றதும் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. அண்ணன் ஏப்பம் உட்டா மீன் வாடை அடிக்குது. வாரா வாரம் மீன் ஆயறவ நான், எனக்குத் தெரியாதா?"

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் அசைவக் குறி. பக்கத்திலேயே மீன் எண்ணெய் என்று போட்டிருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் டாக்டரிடம் டப்பாவைக் காட்டினேன்.

"மீன் எண்ணெய் ரத்தத்துல ஒரு வகைக் கொழுப்பக் கொறைக்கும்மா, பொய் இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரர் ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர சாப்டறாரு. அதோட இதயும் இவ்ளோ போட்டா ரத்தம் கசியறது அதிகமாகலாம். நெஞ்சுத் துடிப்பும் தாறுமாறாகலாம். கொழுப்பு மாத்திரய நிறுத்தச் சொன்னது யாரு? அதுக்கு இது ஈடே கெடயாது" என்றார் டாக்டர்.

வீட்டில், "ரத்தம் வருதாம், டாக்டர் வேணாம்னுட்டார்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் அன்றே உண்ணாநோன்பில் உட்கார்ந்துவிடுவார். அந்த நெஞ்சு தாங்காது. ஊரைக் கூட்டிக் கோமதேஷின் மானத்தை வாங்கினாலும் இவர் காதுக்கு வந்துவிடும். மீன் என்ற பேச்சே எழக் கூடாது. அவனும் தப்பக் கூடாது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் ரோட்டு மண்டபத்தில் அவன் மாத்திரை விற்கக் கூட்டம் போட்டான். வல்லத்திலிருந்துகூட எங்கள் ஜனம் வந்திருந்தது. தம்பி மைக்கில் பேசுவதைப் பார்க்க இவரும் ஆசையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கோமதேஷ் பேசி முடித்ததும் நான் எழுந்து மேடைக்குப் போனேன்.

"தம்பி, முழுங்கினா ருசி தெரியல. எல்லாருக்கும் முன்னால ஒண்ணு மென்னு காட்டேன்" என்றேன்.

"இது மெல்றது இல்ல அண்ணி..."

குறியை அவன் பக்கமாகத் திருப்பி டப்பாவை மேஜையில் வைத்தேன். பார்த்தான். முகம் செத்துப்போனது. நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா உசுர உட்டுடுவாரு. இந்தச் சரக்க எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிக்கறேன்னு நீயா சொல்ற வரைக்கும் மெல்லு" என்றேன்.

அவனும் ஜைனன்தானே. விற்பான், நாக்கில் வைக்கமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். எண்ணெய் உதட்டோரம் வழிந்தது. தொண்டை குமட்டி ஏறி இறங்கியதை ஆசை தீரப் பார்த்தேன். ஜனம் கை தட்டியது. இன்னொன்றை எடுத்து நீட்டினேன். அதையும் மென்றான். அடுத்ததை நீட்டியபோது மைக்கைப் பிடுங்கினான்.

"இந்தச் சரக்கு சரியில்ல. யாரும் சாப்டாதீங்க. எல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க."

மண்டபம் சலசலத்தது. இவர் மெல்ல எழுந்து மேடையேறி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா மருதேவி? நஷ்டம்னு தெரிஞ்சும் உண்மைய சொல்லிட்டான். எங்க நைனா வளர்ப்பு அப்டி!" என்றார். கண் கலங்கியிருந்தது. "வாடா, வீட்ல சாப்ட்டுப் போலாம்."

நான் அவமானப்படுத்த வந்தேன். என் புருஷன் மாலை போடுகிறார். வாயைத் திறக்க முடியாமல் வீடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இலை போட்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த கோமதேஷ் சோற்றைப் பிசைந்தான். கை வாய்க்குப் போகவில்லை. "என் உசுரு மேல உனக்குத்தான்டா அக்கற" என்று இவர் அவன் முதுகைத் தடவ, அவன் கண்ணீர் இலையில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு வயிறு குளிர்ந்தது. குனிந்து இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"வாரா வாரம் வந்துடு தம்பி. அண்ணன் பக்கத்துலயே ஒக்காந்து சாப்டு."