இரண்டே முக்காலே அரைக்கால்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சேலத்தில் நான் குடியிருப்பது ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டுக்கார அம்மா ஜோஸ்லின் இருக்கிறார். எடப்பாடியில் ஒரு பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர், இப்போது வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறார். ஒரு நாள் மாடியேறி வந்து என்னிடம் ஒரு கிராஃப் நோட்டை நீட்டினார்.

“நீங்க எழுதுறவராச்சே, இது புரியுதான்னு பாருங்க.”

பக்கம் பக்கமாக முக்கோணங்கள், அழித்து அழித்து வரைந்தவை. ஒரு பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘வரையலாம். வெட்டக் கூடாது.’

அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எழுதியவர் நர்மதா, அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஃபோனில் அனுமதி கேட்டேன். “எழுதிக்கோங்க. ஆனா பொறக்கறத மட்டும் முன்கூட்டி எழுதிராதீங்க” என்றார்.

ஒத்துக்கொண்டேன். எவ்வளவு கஷ்டமான வாக்கு அது என்று அப்போது தெரியவில்லை.

2

தொடக்கங்கள்:

‘எடப்பாடியில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம்—’

(வேண்டாம். எடப்பாடியை எழுதுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள்.)

‘நர்மதா தன் வாழ்க்கையின் துண்டுகளை ஒன்றாகத் தைக்க—’

(வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன். அடித்த தடம் இருக்கட்டும்.)

நேராகவே சொல்கிறேன். நர்மதாவுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு முறை கருத்தரித்து இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. முதல் தடவை ஆசையாக ஒரு மஞ்சள் குல்லா வாங்கி வைத்திருந்தாள். அதைப் பிறகு யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று அவள் கேட்கவேயில்லை. மூன்றாம் தடவை டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, “படுத்தே இருக்கணும்” என்று சொல்லி அனுப்பினார்.

படுத்தாள். பக்கத்துக் கொட்டகையில் கணவன் வேலுமணியின் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அவன் வாசற்படியில் நின்று கேட்டான்.

“சத்தம் தொந்தரவா இருந்தா நிறுத்தி வெச்சரட்டுமா?”

“வேண்டாமுங்க. சத்தம் நின்னாத்தான் எனக்கு என்னமோன்னு இருக்குது.”

3

பதினெட்டாவது வாரம் ஜோஸ்லின் ஒரு படம் அனுப்பினார். சர்ச் கண்காட்சியில் யாரோ விரித்து வைத்திருந்த துண்டுத்துணி விரிப்பு. நீல நிறத்தில் எட்டுமுனை நட்சத்திரங்கள்.

“தைக்கிறது எனக்கு வரும் மிஸ். இது எப்படிப் பிரியுதுன்னுதான் தெரியல. சும்மா படுத்திருக்கீங்கல்ல, கண்டுபுடிச்சுச் சொல்லுங்க.”

இப்படிப்பட்ட விரிப்பை யாரும் மொத்தமாகத் தைப்பதில்லை. ஒரே மாதிரிக் கட்டங்களாகத் தைத்து, அவற்றை வரிசையாக இணைப்பார்கள். அந்த ஒரு கட்டம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். நர்மதா நட்சத்திரம்தான் கட்டம் என்று நினைத்தாள். நட்சத்திரத்தைச் சுற்றிச் சதுரம் போட்டாள். ஒட்டிப் போட்டால் நட்சத்திரங்கள் முட்டிக்கொண்டன, தள்ளிப் போட்டால் இடையில் பட்டை விழுந்தது. படத்தில் பட்டையே இல்லை.

ஒன்பது நாள் போனது. பத்தொன்பதாவது வாரம் முடிந்து இருபது பிறந்தது. (இரண்டு தடவையும் போனது இருபதில்தான்.) அந்த வாரம் முழுக்க அவள் பாத்ரூம் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போனாள். மீதி நேரம் பென்சிலைப் பிடித்திருந்தாள். பிடிக்காவிட்டால் கை வயிற்றுக்குப் போனது. போனால் அசைவு இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பிடிபட்டது. நட்சத்திரம் எந்தக் கட்டத்திலும் இல்லை! கட்டத்தைத் தனியாகப் பார்த்தால் நான்கு மூலையில் நீலச் சதுரம், அதை ஒட்டி முக்கோணங்கள், நடுவில் வெறும் வெள்ளை. நான்கு கட்டங்களின் மூலைகள் சேரும் இடத்தில்தான் நட்சத்திரம் விழுகிறது.

“ஏனுங்க!” என்று கத்தினாள். வேலுமணி தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். முகம் செத்திருந்தது.

“ஒண்ணுமில்லீங்க. நட்சத்திரம் கெடச்சிருச்சு.”

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

4

மாமியார் ஜானகியம்மாள் விஷயத்தில் எனக்குச் சறுக்கியது. ‘பொறக்கறதுக்கு முன்னால எதையும் தைக்கக் கூடாது’ என்று தடுக்கிற பாத்திரமாக அவரை எழுதி ஜோஸ்லினிடம் வாசித்துக் காட்டினேன். ஜோஸ்லின் சிரித்துவிட்டார்.

“ஐயோ, அந்தம்மா நேர் எதிர்!”

உண்மையில் நடந்தது இது. நோட்டைப் பார்த்த ஜானகியம்மாள் மறுநாளே நீலத்தில் நாலு மீட்டரும் வெள்ளையில் நாலு மீட்டரும் வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தார்.

“வெட்டு சாமி. படுத்துட்டே வெட்டலாமல்லொ.”

“வேண்டாம் அத்தை.”

“ஏஞ்சாமி? இத்தன பாடுபட்டு வரஞ்சிருக்கற.”

“வரஞ்சா அழிச்சுக்கலாம். வெட்டுனா?”

ஜானகியம்மாள் துணியை எடுத்துப் பீரோவில் வைத்தார். அன்று மாலை நர்மதா எழுதியதுதான் அந்த ஓர வரி. எழுதிவிட்டு, வெட்டாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்தாள். குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து, ஆக இருபது கட்டம். எட்டங்குலக் கட்டம். அப்படி அடுக்கினால் ஓரங்களில் நட்சத்திரங்கள் பாதியில் அறுந்து நின்றன. பாதி நட்சத்திரத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஓரக் கட்டங்களின் வெளிப்பக்கத்தை வெறும் வெள்ளையாக்கினாள். பன்னிரண்டு முழு நட்சத்திரம் மிஞ்சியது. அதற்குத் தொண்ணூற்றாறு முக்கோணத் துண்டுகள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நீலச் சதுரத்தையும் வெள்ளைச் சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டத்தின் இரு பக்கமும் தைத்து நடுவில் வெட்டினால், பாதி நீலம் பாதி வெள்ளையாக இரண்டு துண்டு கிடைக்கும். தையலுக்குள் போகும் துணியைக் கணக்கிட்டால், இரண்டங்குலத் துண்டுக்கு இரண்டே முக்காலே அரைக்கால் அங்குலத்தில், அதாவது இரண்டே முக்காலுக்கு மேல் எட்டில் ஒரு பங்கு கூட்டி, வெட்ட வேண்டும். இதை அவள் ஒரு முழுப் பக்கத்தில் நிறுவியிருக்கிறாள், அடியில் இரட்டைக் கோடு போட்டு.)

5

இருபத்தொன்பதாவது வாரம், காலை பதினொரு மணிக்கு இடுப்பு வலித்தது. நர்மதா சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பல்லைக் கடித்தாள். பன்னிரண்டு மணிக்குத் துணியில் ரத்தம் பட்டிருந்தது.

காரில் சேலத்துக்குக் கிளம்பினார்கள். வேலுமணி ஒவ்வொரு வேகத்தடைக்கும் காரை நிறுத்தி, நத்தை மாதிரி ஏற்றி இறக்கினான். பின்சீட்டில் அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள். தொண்ணூற்றாறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.

ஆஸ்பத்திரியில் வலியை நிறுத்த மருந்து ஏற்றினார்கள், குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டார்கள். “நாப்பத்தெட்டு மணி நேரம் தாண்டட்டும்” என்றார் டாக்டர்.

அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஜானகியம்மாள் ஒரு காரியம் செய்தார். பீரோத் துணியையும் கிராஃப் நோட்டையும் ஒரு கட்டைப்பையில் போட்டு, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ பயந்துட்டு வெட்ட மாட்டீங்கறா. நீ வெட்டு கண்ணு. யாராச்சி ஒருத்தராச்சி நம்போணுமல்லொ.”

ஜோஸ்லின் பையை வாங்கிக்கொண்டார். சரியா தப்பா என்று என்னிடம் கேட்கத்தான் அன்று நோட்டோடு மாடியேறி வந்தது. நான் என்ன சொன்னேன் என்பது கதைக்கு முக்கியமில்லை. (முக்கியம்தான். ‘தெரியலீங்க’ என்றேன்.) அவர் இறங்கிப் போய் வெட்டத் தொடங்கினார்.

6

நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டியது. வலி நின்றது. அடுத்த வாரம் ஜோஸ்லின் வார்டுக்குப் போனார். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் ஜெபம் செய்துகொண்டு போனதாகச் சொன்னார்.

சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவருடைய சேலையில் ஒட்டியிருந்த நீல நூலை நர்மதா பார்த்துவிட்டாள்.

“வெட்டிட்டீங்களா மிஸ்?”

“ஆமா.” பிறகு அவசரமாக, “உங்க அத்தை கொண்டாந்து குடுத்தாங்க. என்மேல தப்பிருந்தா மன்னிச்சிருங்க” என்றார்.

நர்மதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். தான் இத்தனை வாரம் மூச்சைப் பிடித்துக் காப்பாற்றி வைத்ததை இவர்கள் கத்தரிக்கோலால் தொட்டுவிட்டார்கள். அடுத்து வந்தது பயம். வெட்டியாகிவிட்டது. இனி அழிக்க முடியாது. வயிற்றில் அப்போது ஒரு உதை விழுந்தது. சாதாரணமாக விழுகிற உதைதான், அதை அடையாளம் என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் அவள்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சதுரம் எத்தன அங்குலம் வெச்சீங்க?”

“ரெண்டே முக்கால்.”

நர்மதா திரும்பினாள்.

“அரைக்கால உட்டுட்டீங்க!”

“அது என்ன மிஸ், நூலளவு—”

“நூலளவு இல்லீங்க. தொண்ணூத்தாறு துண்டுலயும் கொறஞ்சா எந்த மூலையும் எந்த மூலையோடயும் சேராது. நட்சத்திரம் மொனை மழுங்கிப் போயிரும்.” எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் அதட்டியதும் படுத்தாள். “நோட்டுல ரெட்டைக் கோடு போட்டிருக்கறனல்லொ? அத்தைகிட்டச் சொல்லி மறுக்காத் துணி வாங்குங்க. மறுக்கா வெட்டுங்க மிஸ்.”

ஜோஸ்லின் அழுதுகொண்டே தலையாட்டினார்.

7

இனி முடிவு. வாக்குக் கொடுத்த பிறகும் திருட்டுத்தனமாக இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லாம் நன்றாக முடிந்தது. எழுதி முடித்ததும் அந்த மஞ்சள் குல்லாவை நானே வாங்கி வைத்த மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். இன்னொன்றை முதல் வரியிலேயே கிழித்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. முப்பத்துநான்காவது வாரம். பதினாறு கட்டம் முடிந்து பதினேழாவது மிஷினில் இருக்கிறது. நர்மதா வார்டிலேயே இருக்கிறாள். டாக்டர் இன்னும் மூன்று வாரம் கேட்டிருக்கிறார்.

இந்த வரியை எழுதும்போது கீழே ஃபோன் அடிக்கிறது. மிஷின் சத்தம் நின்றுவிட்டது. ஜோஸ்லின் “சொல்லுங்க” என்கிறார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

துணிக்கடைக்காரராக இருக்கலாம். வேலுமணியாக இருக்கலாம். இரண்டு தடவை “ம்” என்கிறார். எந்த மாதிரி “ம்” என்று மாடியிலிருந்து என்னால் பிரிக்க முடியவில்லை.

நான் படியிறங்கிப் போகிறேன். கதையைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். நான் திரும்பி வரும்வரை எதையும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.