காசிராஜன் விலக்கு

கடம்பூருக்குக் கிழக்கே காசிராஜனின் நாலு குறுக்கம் கரிசல் நிலம், மூன்றாவது வருஷமும் மழை பொய்த்த ஐப்பசியில், வேறொரு கிரகமாகிவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் வெயில், உடைமரம், பஸ் சத்தம். அந்தப் பக்கம் செம்பொடி, மூச்சுக்கு ஆகாத காற்று, உச்சிப்பொழுதிலும் எலும்பைக் கடிக்கும் குளிர். அதில் கால் வைத்த வெள்ளாடு ஒன்று எடையில்லாமல் மேலே போனது, திரும்பவில்லை. பயிர்க் காப்பீட்டில் வறட்சி உண்டு, வெள்ளம் உண்டு, கிரகம் கிடையாது என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பேறினார். விற்கலாமென்றால் கேட்க நாதியில்லை.

திருப்பூருக்குப் போய்விடலாம் என்றாள் மனைவி கல்யாணசுந்தரி. விதைக்காமல் வரமாட்டேன் என்று காசிராஜன் உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் அந்த மண்ணுக்கான உடுப்பை அவள் தைக்க ஆரம்பித்தாள். பகலில் தீப்பெட்டி ஆபீஸ், சாயங்காலம் தையல் மெஷின். அங்கே கடை கிடையாது. கிழிந்தால் அதையே பிரித்து அதற்கே ஒட்டுப்போட வேண்டும். உரச்சாக்கும் பழைய போர்வையும் வேட்டியும் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்தன. வேர்வை மடிப்புக்குள் இறங்கித் தெளிந்து வாய்க்கு வந்தது, விட்ட மூச்சு சுத்தமாகித் திரும்பியது. செருப்புக்கு லாரி டயர். அதன் அடியில் பை வைத்து, பக்கத்துப் புஞ்சைக் கரிசலை அடைத்தாள். கரிசல் தன் ஊர் எடையை மறக்காது. போட்டவன் தரையில் நின்றான்.

"என்ன தாயி, சந்திரன்ல சம்பந்தம் பேசியாச்சா?" என்றார் டீக்கடை செண்பகராஜ்.

"ஒங்க புஞ்சையும் ஒருநா அப்படி ஆவும் அண்ணாச்சி. அப்ப அளவெடுக்க வாரேன்."

உடுப்பையும் செருப்பையும் போட்டுக்கொண்டு காசிராஜன் கல் பொறுக்கினான், உழுதான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விதைப்பன்று வரப்பில் நின்று கிழக்கே கும்பிட்டான். விதைப்பெட்டி இடுப்புக்கு வந்ததும், பழக்கப்பட்ட கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

"இங்கேருங்க, செருப்பு" என்றாள் கல்யாணசுந்தரி.

"வெதைக்குற மண்ண செருப்புக் காலோட மிதிப்பாகளாட்டி? கூறு இருக்கா ஒனக்கு?"

வெறுங்காலோடு இறங்கி முதல் பிடி உளுந்தை வீசினான். உளுந்து மேலே போனது, பின்னாலேயே அவனும்.

பனை உயரம் தாண்டி நின்றான். தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டவில்லை. அந்த மண்ணில் எதை வைத்தாலும் மேலே போகும் என்பதால் செருப்பை அனுப்பிப் பார்த்தாள். அது நன்றாகச் செய்த செருப்பு, அசையவில்லை. கரிசலைக் கொட்டினால் போகும், போய் என்ன செய்ய. உடுப்பும் நன்றாகத் தைத்ததுதான். அதனால் அவன் சாகவுமில்லை. ஊசி, நூல், ஒட்டுத்துணி, தூக்குவாளியில் கஞ்சி எல்லாம் ஒழுங்காகப் போகின்றன. வாளிகள் திரும்புவதில்லை.

மறுவருஷத் தூறலுக்கு, வரப்பில் கிடந்த செருப்பின் கரிசலில் இரண்டு உளுந்து முளைத்தது. ஆடு கடித்துவிட்டது. நாலு குறுக்கத்துக்கும் மகசூல் அவ்வளவுதான்.

கல்யாணசுந்தரி திருப்பூருக்குப் போகவில்லை. சாயங்கால பஸ் அந்தப் புஞ்சைக்குப் பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும், கண்டக்டர் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுக்கிறார்: "காசிராஜன் விலக்குலாம் எந்திரிச்சு வா." அவளும் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள்.