சுந்தரதாஸின் கையுறை

“உறை போடாம பெட்டிய வெளிய எடுக்க விடமாட்டேன்” என்று வயலட் கத்தினாள்.

“மைனி, இருவத்தஞ்சு வருசம் வலை இழுத்த கையாக்கும் அது. இப்ப மறைச்சா, சந்தேகப்பட்டவன் எல்லாம் உறுதி பண்ணீருவான்” என்று அவளுக்கு மேலே கத்தினான் கொழுந்தன் சகாயதாஸ்.

நடுவில் சுந்தரதாஸ் மட்டும்தான் அமைதியாகப் படுத்திருந்தார். முந்தின நாள் காலையில் வள்ளத்தைக் கரையேற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. சண்டை, பாறசாலையிலிருந்து சவப்பெட்டியோடு வந்த வெள்ளைக் கையுறைக்காக. பெட்டியில் வைக்கிற எல்லாருக்கும் போடுவதுதான். ஆனால் சுந்தரதாஸுக்குப் போட்டால் அதற்கு வேறு பேச்சு வரும். புறங்கை முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாக, சோற்றில் மிளகைக் கொட்டின மாதிரி புள்ளிகள். புறங்காலிலும் அப்படியே. தொற்றாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் குடித்த தம்ளரைத் தனியாகக் கழுவுகிற வீடுகள் காரோடு ஊரில் உண்டு.

வயலட் ஜெயித்தாள். விரல்கள் விறைத்துவிட்டதால் உறை முக்கால்வாசிதான் ஏறியது. மிச்சத்தை ஜெபமாலையைச் சுற்றி மறைத்தாள்.

மகள் அபினா உள்ளுக்குள் அம்மா கட்சி. அவள் கையிலும் அதே புள்ளிகள் உண்டு. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருப்பதால் பகல் முழுக்க ரப்பர் கையுறை. மற்ற நேரத்தில் தோல் நிறத்தில் ஒரு கிரீம். இப்படியே மூன்று வருடம் மருந்துக் கம்பெனி ரெப் லிண்டோவைக் காதலித்துவிட்டாள். தன் கையை அவனுடைய அம்மா பிந்து பார்த்துவிட்டால் கல்யாணம் போச்சு என்பது அவள் பயம். பெண் பார்க்க வந்த அன்றே வயலட் முந்திக்கொண்டு, கணவர் கையில் பேட்டரி ஆசிட் கொட்டியதாகச் சொல்லி வைத்திருந்தாள். எதற்கும் இரண்டு கேள்வி கேட்கிற பிந்து, அன்று சுந்தரதாஸின் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை. அன்று முதல்தான் சாக்குகள் தொடங்கின. வீட்டுக்கு வழி குறுகலாம், பெண் கறுப்பாம். திமிர் என்றது ஊர். வேடிக்கை என்னவென்றால் சுந்தரதாஸும் அன்று முதல் வள்ளத்தைச் சாக்காக வைத்து நிச்சயத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்.

அந்தப் புள்ளி என்னவென்று ஒரே ஒரு டாக்டர்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், திருவனந்தபுரத்தில், அப்பா மகள் இருவர் ரத்தத்தையும் சோதித்துவிட்டு. ஒவ்வொரு செல்லிலும் மூலப் பிரதி ஒன்று இருக்கிறது. வேலைக்கு எடுப்பது ஆர்என்ஏ என்கிற அதன் நகலைத்தான். அந்த நகலில் சில எழுத்துகளைத் திருத்த உடம்பு ஒரு ஆளை வைத்திருக்கிறது. அந்த ஆளை உண்டாக்கும் ஜீன் ஜோடியில் ஒன்று பழுது. தோலின் நிறம் மாறும், அவ்வளவுதான். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம். அப்பா அம்மா இருவருக்கும் இருந்து, பிள்ளைக்கு ஜோடியில் இரண்டுமே பழுதாகப் போனால்தான் ஆபத்து, மூளை வரைக்கும் போகும். என் சர்வீசில் பார்த்தது உங்கள் இருவரைத்தான் என்று சொல்லிவிட்டு, வேறு பிள்ளைகள் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்ற சுந்தரதாஸ், உடனே குடிக்கத் தண்ணீர் கேட்டார். வயலட்டுக்கு இதெல்லாம் ஒரு அச்சுப்பிழை என்று புரிந்தது. பிழை தன் குடும்பத்து வழி வந்ததில்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பத்து மணிக்குப் பிந்துவும் லிண்டோவும் வந்தார்கள். பிந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். அபினா அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் பேசின வீட்டுச் சாவுக்கு இவ்வளவு அழ வேண்டுமா என்று தோன்றியது. வேவு பார்க்கத்தான் இந்த அழுகை என்று முடிவு செய்துகொண்டாள்.

பெட்டி எடுக்கிற நேரம். அந்தக் குடும்பத்தில் தூக்குகிறவர்கள் வெறுங்காலோடுதான் தூக்க வேண்டும். லிண்டோ ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வந்து நின்றான்.

“எலே, அந்தச் சாக்ஸையும் ஊரிப் போடு” என்றான் சகாயதாஸ்.

“அவனுக்குக் காலில புண்ணு உண்டு. அவன் தூக்கண்டாம்” என்று பிந்து பாய்ந்து எழுந்தாள்.

“மருமவன் ஆவப்போறவன் தூக்காம?”

லிண்டோ திருட்டுப் பிடிபட்டவன்போல அபினாவைப் பார்த்தான். பிறகு குனிந்து சாக்ஸை உருவினான். கையில் ஒரு புள்ளிகூட இல்லாதவனுக்கு இரண்டு புறங்காலிலும் சோற்றில் மிளகு.

சகாயதாஸ் பார்த்தான். அதன்பிறகு பெட்டியின் கைப்பிடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முற்றத்துச் சேற்றில் இரண்டடி வைத்ததும் லிண்டோவின் கால்கள் மூடிப்போயின.

கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் அபினா ஜெபத்துக்குப் பதில் கணக்குப் போட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஐஸ் வண்டி ஓட்டினார், பிந்துவின் ஊரான திருப்புறம் வரைக்கும். புருஷன் மஸ்கட்டில் இருந்தபோது தான் அங்கே ஐஸ் கம்பெனியில் பில் எழுதியதைப் பிந்து பெருமையாகவே சொல்லியிருக்கிறாள். லிண்டோவுக்கு வயது இருபத்தேழு. வயலட் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம்.

அடக்கம் முடிந்து கட்டன் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அபினா பிந்துவைப் பின்பக்கம் பைப்படிக்குக் கூட்டிப்போனாள். சோப்புப் போட்டுத் தன் கையைக் கழுவினாள். கிரீம் கரைந்து ஓடியது. கையைத் துடைக்காமலே நீட்டினாள்.

பிந்து வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

“எப்பம் தொட்டு இருக்கு இது?”

“நாலு வயசில.”

“அவனுக்கும் நாலு வயசிலயாக்கும்” என்றாள் பிந்து.

பைப் திறந்தே கிடந்தது. அபினாதான் மூடினாள்.

“மோளே, ஒனக்க அம்மைக்கிட்ட...”

“அம்மைக்குத் தெரியண்டாம். லிண்டோவுக்கும்தான். நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டு மாமி.”

உள்ளிருந்து வயலட் கூப்பிட்டாள், சம்பந்தி வீட்டம்மாவுக்குப் பழம் கொடுத்தாயா என்று. கொடுத்தேன் என்றாள் அபினா.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குள் கல்யாணம் முறிந்துவிட்டது. ஊர் காரணம் கண்டுபிடித்தது: லேபில் கூட வேலை பார்க்கும் அனூப். பாவம், அனூப்புக்கு அப்போது அவள் முழுப்பெயர்கூடத் தெரியாது. லிண்டோ ஒரு மாதம் லேப் வாசலில் பைக்கோடு நின்று பார்த்துவிட்டு அயர்லாந்துக்குப் போனான். அங்கே ஒரு கொல்லத்து நர்ஸைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. பிந்து திருப்புறத்து வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்கே போய்விட்டாள். இத்தனை வருடம் இல்லாத புருஷன் பாசம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து அபினா, ஊர் கண்டுபிடித்தபடியே, அனூப்பைக் கட்டிக்கொண்டு மங்களூருக்குப் போனாள். வயலட் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில், நல்ல ஒரு குடும்பத்தை நீ கெடுத்தாய், அப்பா இருந்திருந்தால் அந்தக் கல்யாணத்தை எப்படியும் நடத்தியிருப்பார் என்று சொல்கிறாள். அபினா முழுக்கக் கேட்டுக்கொள்கிறாள். கேட்டு முடிந்ததும், அங்கே மழை உண்டா என்று விசாரிக்கிறாள்.