நாற்பத்தொன்றாவது வரி

நீஷ் நகரத்து டயர் கடையின் பின்னறையில், பகல் பதினொரு மணிக்கு, வெலிபோர் ஒருவனுடைய விரல்களைச் சுத்தியலால் உடைத்தான். நிரல் எழுதத் தெரியும் என்று பொய் சொன்னவன் அவன். அவனை இழுத்துப் போட்டுவிட்டு அதே நாற்காலியில் ஒக்னியெனை உட்காரவைத்தார்கள். கீபோர்டில் இருந்த இரத்தத்தை அவன் சட்டைக் கையால் துடைத்தான்.

வெலிபோர் கால்பந்து ரசிகர் கும்பலின் தலைவன். அந்தக் கும்பலின் டிக்கெட் இணையதளத்தை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவன் ஒக்னியென். மைதானத்து வாசலில் நடந்த கொலைக்குச் சாட்சி சொல்ல போலீஸ் நிலையம் போனவர்களின் வருகைப் பதிவு யார் மூலமோ வெளியே வந்திருந்தது. ஒரு வருகைக்கு ஒரு வரி. தேதி வரிசையில், வேறு பல ஆயிரம் வரிகளோடு கலந்து கிடந்தது.

"சாட்சிங்க பேர மட்டும் பிரிச்சு அச்சடிச்சுக் குடு. நாப்பத்தோரு வரின்னு உள்ள இருக்கறவன் சொல்லிட்டான். ஒண்ணு கொறஞ்சா உன் வெரலு," என்றான் வெலிபோர்.

ஒக்னியெனின் தம்பி லாசர் கடைசி நாளில் போனவன். அவனுடையதுதான் கடைசி வரி. அழித்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

ஒக்னியென் பதிவுக் கோப்பினை வரிவரியாகப் படித்து, சாட்சிகளின் பெயர்களை மட்டும் பொறுக்கினான். முதல் சுற்றில் ஒவ்வொரு பெயரின் ஓரத்து வெற்றிடங்களையும் அது இருந்த இடத்திலேயே நறுக்கினான். அப்படிச் சுற்றும்போது, பெயரை ஏந்தும் மாறியின் முன் '&' போடுவார்கள். சுற்று முடிந்தும் அந்த மாறி கடைசிப் பெயரின் இடத்தை விடாது. அந்தப் பிடியை unset என்ற கட்டளையால் அறுத்துவிட வேண்டும். மறந்து அடிபடாத பிஎச்பிக்காரன் இல்லை.

ஒக்னியென் மறக்கவில்லை. அறுக்காமல் விட்டான். அதே மாறியை வைத்து இரண்டாவது சுற்றில் அச்சிட்டான். கடந்துபோகும் ஒவ்வொரு பெயரும் கடைசி இடத்தின் மேல் எழுதப்பட்டது. முடிவில் லாசர் இருந்த இடத்தில் நாற்பதாவது ஆளே மறுபடி இருந்தான். மொத்தம் நாற்பத்தொன்று. இரட்டித்த பெயரைத் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார்கள் என்பது அவன் கணக்கு.

வெலிபோர் காகிதத்தின் அடியில் விரலை வைத்தான். "மியோட்ராக். ரெண்டு தடவ போயிருக்கான் நாயி. ஒரு தடவ போனவனுக்கு ஒரு முட்டி. இவனுக்கு ரெண்டும். மொதல்ல இவன்தான். நீயும் வாடா."

மியோட்ராக், புரெக் என்னும் அடுக்கு ரொட்டி சுடும் கடையில் அடுப்பருகே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். முதல் முட்டியை இரும்புத் தடியால் உடைத்தபோது, தான் போனதை அவன் மறுக்கவில்லை. தடி மறுபடி உயர்ந்தபோதுதான் கெஞ்சினான்.

"ஒரு தடவதாண்ணே போனேன். எம் புள்ள மேல சத்தியமா ஒரே தடவதான்."

வெலிபோர் தடியை நிறுத்தி ஒக்னியெனைப் பார்த்தான். "என்னடா, உன் மெஷினு பொய் சொல்லுமா?"

மாவு சிந்திய தரையில் கிடந்த மியோட்ராக்கின் கண்களும் ஒக்னியென் பக்கம் திரும்பின.

"சொல்லாதுண்ணே," என்றான் ஒக்னியென்.

தடி இறங்கியது.